பதினோரு திருகைகளின் நகரம்

மனித குலத்தின் முதல் சக்கரம் வண்டியில் ஓடவில்லை. எண்ணூர்க் கழிமுகத்தில் ஒரு தமிழ்ப் பெண்ணின் கையில் சுழன்றது. அது சுழன்ற நாளில் பசி நாகரிகமானது, நாகரிகம் நகரமானது, அந்த நகரம் கடலுக்குள் போனது. மூவாயிரம் ஆண்டுகள் கழித்து இதோ, அது எழுந்து வருகிறது.

எழுந்து வரும் இடம் திருவொற்றியூரில் ஒரு கல்யாண மண்டபம் என்றும், நேரம் ஞாயிறு காலை பத்து மணி என்றும், மதியம் பிரிஞ்சி உண்டு என்றும் அழைப்பிதழின் கீழ்ப்பாதி சொன்னது. மேற்பாதியை எழுதியவர் முனைவர் கிருஷ்ணப்பன். ஓய்வுபெற்ற பேராசிரியர், வடகடல் தொல்லாய்வுப் பேரவையின் நிறுவனர், 'கல்லின் மைந்தர்' என்ற பட்டத்தைத் தமக்குத் தாமே முன்மொழிந்து பேரவையை வழிமொழிய வைத்தவர். வாழ்நாளில் ஒரு திருகையைச் சுற்றியவரல்லர். அவர் வீட்டில் மிக்ஸியின் பொத்தானை அழுத்துவதும் அவர் மனைவிதான். அழைப்பிதழில் அவர் கைகட்டி நின்றார். அவருடைய கோட்டின் கடைசிப் பொத்தானுக்குக் கீழே, அந்தப் பெருநகரத்தைச் சேர்ந்த பதினோரு திருகைக் கற்கள் மாத்திரை அட்டைபோல வரிசையாக இருந்தன.

வாட்ஸப்பில் அது வந்தபோது செங்கொடி, தான் வேலை பார்க்கும் கன்டெய்னர் யார்டில், இரண்டு பெட்டிகளுக்கு நடுவே விழுந்த முழங்கால் அகல நிழலில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பெட்டிக் கதவில் தொங்கும் சீலின் எண்ணும் கையிலுள்ள காகிதத்தின் எண்ணும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பது அவள் வேலை. ஒரு நாளைக்கு இருநூறு பெட்டி. துறைமுகத்திலிருந்து வரும் பெட்டிகளில் நிலக்கரிப் புழுதி அப்பியிருக்கும். துணியால் துடைத்தால்தான் எண் தெரியும். துடைக்கும் ஒவ்வொரு தடவையும் அவளுக்குக் கிருஷ்ணப்பனின் ஞாபகம் வரும். ஆக, ஒரு நாளைக்கு இருநூறு தடவை.

நான்கு ஆண்டுகளுக்கு முன்புவரை அவள் அவரிடம் ஆராய்ச்சி மாணவியாக இருந்தாள். கல்லூரியின் பின்பக்கம், பழைய பெஞ்சுகள் அடுக்கிய அறையில், சிமென்ட் சாக்குகளில் அறுபத்து மூன்று திருகைத் துண்டுகள் கிடந்தன. யாரோ எப்போதோ தோண்டியெடுத்து, யாரும் பிரித்துப் பார்க்காதவை. கிருஷ்ணப்பன் அந்த அறைக்குள் வரமாட்டார், இடுப்புவலி. செங்கொடிதான் ஒவ்வொன்றாகத் தூக்கி வெளிச்சத்தில் வைத்து, மூன்று ஆண்டுகள் அவற்றைப் படிக்கக் கற்றுக்கொண்டாள். மேல்கல் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால், சுற்றியவள் தனியாள். எப்போதும் ஒரே இடத்தில் உட்கார்ந்து தன் பக்கமாகவே இழுத்திருக்கிறாள். சமமாகத் தேய்ந்திருந்தால், எதிரே இன்னொருத்தி உட்கார்ந்து கை கொடுத்திருக்கிறாள். கைப்பிடிக் குழி இரண்டு இருந்தால், முதல் குழி விளிம்போடு பெயர்ந்த பிறகும் புதுக்கல் வாங்க வழியில்லாத வீடு. நாற்பத்தோராம் துண்டில் தேய்மானம் எதிர்த்திசையில் ஓடியது. இடக்கைக்காரி. அந்த இடக்கைக்காரியோடு செங்கொடி ஒரு மழைக்காலம் முழுக்க வாழ்ந்தாள். அவளுக்கு ஒரு மாமியார்கூட இருந்ததாக முடிவு செய்திருந்தாள்.

அதையெல்லாம் ஆய்வேடாக எழுதிக் கொடுத்தாள். எட்டு மாதம் கழித்து அது புத்தகமாக வந்தது, கிருஷ்ணப்பன் பெயரில். இருநூற்றுப் பன்னிரண்டு பக்கங்களில் நூற்று நாற்பது அவளுடையவை. நன்றியுரையில் துணைவேந்தருக்கு நன்றி இருந்தது, மனைவிக்கு இருந்தது, கல்லூரி வாசலில் டீக்கடை வைத்திருந்த யேசுதாஸுக்குப் பெயர் சொல்லியே இருந்தது. கடைசி வரி: 'கற்களைத் தூசு துடைத்து உதவிய மாணவிக்கும்.' பெயர் இல்லை. அவள் புகார் எழுதினாள். புகார்களை விசாரிக்கும் குழுவின் தலைவராகவும் கிருஷ்ணப்பனே இருந்ததால் விசாரணை நாற்பது நிமிடத்தில் முடிந்தது. எம்.கே.பி. நகர் வீட்டில் அன்றிரவு அப்பா, வார்ப்படத் தொழிற்சாலையில் முப்பது வருடம் சங்கம் நடத்தியவர், வாயில் முழக்கப் போராட்டம் ஒன்றை முன்மொழிந்தார். அம்மா ஒரு வேலையை முன்மொழிந்தாள். அம்மாவின் தீர்மானம் நிறைவேறியது.

தயிர்சாதத்தை மூடி வைத்துவிட்டு செங்கொடி படத்தைப் பெரிதாக்கினாள். முதல் கல். இரண்டாவது. மூன்றாவது. ஐந்தாவது கல்லுக்கு வந்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் இனித்தது.

திருகையின் மேல்கல் உடைந்தால் பெரும்பாலும் நடு ஓட்டையில்தான் உடையும். இரண்டு பாதியாகும். ஒரு பாதியில் விளிம்போரம் கைப்பிடிக் குழி இருக்கும், மற்றதில் இருக்காது. ஒரு ஊர் மூழ்கி அதன் திருகைகள் உடைந்து கிடந்தால், குழியுள்ள பாதிகளும் குழியில்லாத பாதிகளும் கலந்துதான் கிடைக்கும். இங்கே பதினொன்றும் குழியுள்ள பாதி. பதினொன்றிலும் அந்தக் குழி மறுபக்கம்வரை துளைத்திருந்தது. அதாவது, யாரோ பொறுக்கியெடுத்திருக்கிறார்கள். ஓட்டை தேவைப்பட்ட யாரோ. கிருஷ்ணப்பனும் இதைக் கவனித்திருந்தார் என்பது கூடவே வந்த நூல் அறிமுகத்தில் தெரிந்தது. கல்வரிசை நாற்பதடிக்கு ஒன்றாக நேர்கோட்டில் கிடந்ததால் அது பதினோரு வீடுகள் கொண்ட ராஜவீதி என்றும், கைப்பிடியுள்ள பாதியை மட்டும் பேணியது 'கைப்பிடித் தாய்' என்ற மறைந்துபோன பெண்தெய்வ வழிபாடு என்றும் அவர் எழுதியிருந்தார். கைப்பிடித் தாய்க்கு இரண்டு பக்கத் துதி ஒன்றும் இயற்றியிருந்தார்.

சிரித்துக்கொண்டே கடைசிவரை நகர்த்திய செங்கொடியின் விரல் ஏழாவது கல்லுக்குத் திரும்பி வந்து அங்கேயே நின்றுவிட்டது. மற்றவை சாம்பல்நிறக் கருங்கல். இது கன்னங்கரேலென்று, நுரை உறைந்ததுபோல் துளைத்துளையாக இருந்தது. பக்கங்கள் சரிந்து அடியில் குறுகியிருந்தது. தன் ஆய்வின் கடைசிப் பக்கத்தில் அவள் எழுதியிருந்தாள்: இந்தக் கரை மணல்கரை, இங்கே கல் விளையாது, இங்கிருக்கும் எந்தக் கல்லும் வந்த கல்தான், எரிமலைக் கல்லில் செய்த கூம்புத் திருகை ஒன்று இங்கே கிடைக்குமானால், அது கடல் கடந்து கப்பலில் வந்ததாகவே இருக்கும். 'கிடைக்குமானால்' என்ற சொல்லை எழுத அவள் ஒரு வாரம் யோசித்திருந்தாள். இப்போது அது கிடைத்திருந்தது. கிருஷ்ணப்பனின் பட்டியலில் அதற்கு எதிரே ஒரே சொல்: சிதைந்தது.

வெள்ளிக்கிழமை விடுமுறையில் அவள் நெட்டுக்குப்பம் போனாள். முகத்துவாரத்தை ஆழப்படுத்தும் வேலையில் பொக்லைன் வாரிக் கரைநெடுக வரிசையாகக் கொட்டிய சேற்றில்தான் கற்கள் கிடைத்தன என்று அறிமுகத்தில் இருந்தது. கரையில் ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி கிழிந்த வலையைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பின்னிக்கொண்டிருந்தாள். கன்னியம்மா. செங்கொடி செல்போனை நீட்டினாள். அவள் அதைத் தள்ளிப்பிடித்து, கிட்டப்பிடித்து, திருப்பிக் கொடுத்தாள்.

"கண்ணு தெர்ல பொண்ணே. இன்னா, கல்லா? அத்த கேக்கவா வந்த? அது எங்க வலைக்கல்லு. ஆத்துல வலய வுட்டா தண்ணி இஸ்துகினு பூடும்ல, அதுக்குக் கட்றது. எங்க பாடு அது, எங்க மொறைக்கு வலை வுட்ற எடம். வரிசையா பதினொரு கல்லு. பொக்லைன்காரன் வாரிப் போட்டான். சரி, அப்பால எட்த்துக்கலாம்னு வுட்டோம். காலீல பாத்தா மினிவேன்ல மேளம் அட்ச்சிகினு வந்து தூக்கினு போறானுங்கோ. மாலவேற போட்டானுங்கோ."

"நீங்க ஒண்ணும் கேக்கலயாக்கா?"

"கோயிலுக்குன்னு நெனச்சிட்டோம். சாமி சமாச்சாரத்துல இன்னா கேக்கறது? மூணு மாசமா வலை நிக்க மாட்டேங்குது, பேஜாரா கீது."

உடைந்த திருகையை யாரும் வீட்டுக்குள் வைத்துக்கொள்ளமாட்டார்கள், ஆகாது. தண்டையார்பேட்டையிலும் ராயபுரத்திலும் மிக்ஸி வந்த காலத்தில் சந்துச் சுவரோரம் வெளியே வைத்துவிடுவார்கள். மீன் விற்கப் போன பெண்கள் காலிக் கூடையில் அவற்றைத் தூக்கிவருவார்கள். குழியுள்ள பாதியாகப் பார்த்து எடுத்தால், கடப்பாறை முனையால் இன்னும் நாலு தட்டுத் தட்டினால் போதும், கயிறு கோக்க ஓட்டை தயார். இதையெல்லாம் கன்னியம்மா சொல்லச் சொல்ல, செங்கொடிக்குப் பாயசம் குடிப்பதுபோல் இருந்தது. ஒவ்வொரு கல்லின் அடியிலும் அந்தந்த வீட்டுக்காரர்கள் தாரால் போட்ட குறிகூட இருக்கும் என்று கன்னியம்மா சொன்னாள்.

ஏழாவது கல்லைப் பற்றி மட்டும் செங்கொடி கேட்கவில்லை. கேட்டால் அதற்கு மதிப்பு வந்துவிடும். நாலு வாய்க்குப் போகும். கிருஷ்ணப்பன் காதுக்கும் போகும். ஆற்றில் எப்போதோ காலில் தட்டுப்பட்டதை இவர்கள் ஆள் எவனோ எடுத்துக் கயிறு கட்டியிருப்பான், அவ்வளவுதான். திரும்பும் பஸ்ஸில் அவள் கணக்குப் போட்டாள். அந்த ஒரு கல் மெய் என்று மேடையில் சொன்னால், கண்டெடுத்த பெருமை பேரவைக்குப் போகும், பேரவை என்றால் கிருஷ்ணப்பன். பதினொன்றும் பொய் என்று சொன்னால், பதினொன்றும் நெட்டுக்குப்பத்துக்குத் திரும்பி வரும். அப்புறம் ஓசைப்படாமல் போய் வாங்கிக்கொள்ளலாம். முதலில் பழி, பிறகு ஆராய்ச்சி. ஆராய்ச்சியாளர்கள் பொய் சொல்லக்கூடாது என்று ஒரு சின்ன உறுத்தல் தண்டையார்பேட்டைவரை கூடவே வந்தது. அங்கே அது இறங்கிக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் பதினோரு கற்களும் பட்டுத்துணி விரித்த மேசையில் மாலையோடு வீற்றிருந்தன. ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம். பேரவைத் தலைவர் டில்லிபாபு மைக்கைத் தட்டிப்பார்த்தார். அவர் ஷாமியானா, நாற்காலி வாடகைக்கு விடுபவர். கூட்டம் நடத்த நாற்காலி வேண்டும் என்பதால் வரலாற்றில் அவருக்கு நிலையான இடமிருந்தது. பொன்னாடைகள் ஒரு மணிநேரம் நடந்தன. கிருஷ்ணப்பன் ஐம்பது நிமிடம் பேசினார். கைப்பிடித் தாயின் துதியைப் பாடினார். சிறப்பு விருந்தினர் கண்ணை மூடிக் கேட்டார், தூக்கம் என்று சொல்ல முடியாதபடி தலையை மட்டும் அசைத்தார். பிறகு டில்லிபாபு, "இந்த மண்ணின் மகள், நெட்டுக்குப்பம் கன்னியம்மா அவங்களுக்கு நம்ம பேரவை சார்பா ஒரு புடவை" என்று அழைத்தார். கற்கள் கிடைத்த இடத்துப் பெண் ஒருத்தியை மேடையேற்றினால் பத்திரிகையில் வரும் என்று தொலைபேசியில் யோசனை சொன்ன பெண் நான்காவது வரிசையில் உட்கார்ந்திருந்தது அவருக்குத் தெரியாது.

கன்னியம்மா புடவையை வாங்கி, ஓரத்தை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்து, ஒயர்கூடைக்குள் வைத்தாள். கூடையிலிருந்து ஒரு சுருள் கயிற்றை எடுத்தாள். முதல் கல்லின் மாலையைக் கழற்றி, வைக்க இடமில்லாமல் கிருஷ்ணப்பன் கையில் கொடுத்தாள். கயிற்றுமுனை கைப்பிடிக் குழிக்குள் நுழைந்து அடியில் வெளியே வந்தது. இரண்டு சுற்று, ஒரு இழுப்பு. கல்லை ஒற்றைக் கையால் தூக்கிக்காட்டினாள்.

"வாத்தியாரே, இது வலைக்கல்லு. எங்குளுது. நீ தப்பா எட்த்துகினு வந்துட்ட. பரவால்ல, குடுத்தா எட்த்துகினு பூடுவேன்."

மண்டபத்தில் சிரிப்பு கிளம்பியது. செங்கொடி கிருஷ்ணப்பனைப் பார்த்தாள். நான்கு வருடமாக இந்த விநாடியில் அவர் முகம் எப்படி இருக்கும் என்று அவள் பல விதமாக வரைந்து வைத்திருந்தாள். ஆனால் கிருஷ்ணப்பன் முப்பது வருடம் வகுப்பெடுத்தவர். மாலையோடு இரு கைகளையும் உயர்த்தினார்.

"கண்டீர்களா! அந்த முடிச்சைக் கண்டீர்களா! மூவாயிரம் ஆண்டுகளாக அறுபடாத மரபின் முடிச்சு, இந்தத் தாயின் விரல்களில் இன்றும் உயிரோடு இருக்கிறது!"

"நைலான் கவுறுப்பா இது, போன மாசம் வாங்கினேன்," என்றாள் கன்னியம்மா. கைதட்டலில் அது கேட்கவில்லை. கைதட்டியவர்களில் சிலர் எழுந்தே நின்றார்கள். விருந்தினர்கூடக் கண்ணைத் திறந்தார்.

செங்கொடி எழுந்து நடந்தாள். மேடைப் படியில் கால் இடறியது, விழவில்லை. கிருஷ்ணப்பன் அவளைப் பார்த்ததும் மாணவியைப் பார்த்த ஆசிரியரின் புன்னகை தானாக வந்து, பிறகு யாரென்று நினைவு வந்து, பாதியில் நின்றது. அவள் மைக்குக்கு வந்தாள்.

"பதினொண்ணுமே குழி இருக்கற பாதி. மிச்ச பாதியெல்லாம் எங்க சார் போச்சு? தெய்வம் சாப்ட்டுச்சா?" என்றாள். "கல்ல திருப்புங்க. அடியில தார்ல குறி போட்டிருக்கும்."

டில்லிபாபுவின் ஆட்கள் இரண்டாவது கல்லைப் புரட்டினார்கள். கறுப்பாக ஒரு பெருக்கல் குறி. மூன்றாவதில் இரண்டு கோடு. "அது எங்க மச்சாண்டாருது," என்றாள் கன்னியம்மா. நான்காவதில் ஒரு மீன், வால் சற்றுக் கோணலாக. "இது எங்க கொழுந்தன். அவனுக்கு வரைய வராது." எழுந்து நின்று கைதட்டியவர்கள் இப்போது நின்றபடியே சிரித்தார்கள். யாரோ செல்போனை உயர்த்திப் பிடித்தார்கள். ஐந்தாவது கல்லுக்கே விருந்தினர் இன்னொரு நிகழ்ச்சிக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தார்.

"அம்பது வருசம்கூட ஆகாத கல்லுங்க," என்றாள் செங்கொடி. "பதினொண்ணும்."

கிருஷ்ணப்பன் நெருங்கி வந்து மைக்கை உள்ளங்கையால் பொத்தினார். முகத்தில் வேர்வை. அவள் எதிர்பார்த்த கெஞ்சல் இருந்தது. ஆனால் அது தனக்கான கெஞ்சலாக இல்லை.

"ஏழாவதும் கூடவாம்மா?" என்றார், உதடு அசையாமல்.

அவள் ஏழாவது கல்லைத் திரும்பிப் பார்த்தாள். அவருக்குத் தெரிந்திருக்கிறது. 'சிதைந்தது' என்று எழுதி ஒதுக்கி வைத்திருக்கிறார், பிறகு தனியாக ஒரு நூல் போட. அதாவது அவளுடைய ஆய்வை அவர் கடைசிப் பக்கம்வரை படித்திருக்கிறார். தேர்வாளர்கள் படிக்கவில்லை. அப்பா முதல் பக்கத்தில் தன் பெயர் இருக்கிறதா என்று பார்த்ததோடு சரி. உலகத்தில் அவள் எழுத்தை ஒரு வரி விடாமல் படித்த ஒரே ஆள் இந்த ஆள்தான். இப்போது அவர் செய்ய வேண்டியதெல்லாம் மற்ற பத்தும் தப்பு, இது ஒன்று மெய் என்று சொல்வதுதான். அதைச் சொல்ல அவரால் முடியாது என்பது அவளுக்கும் தெரிந்தது, அவருக்கும் தெரிந்தது. அவள் அவர் கையை மைக்கிலிருந்து விலக்கினாள்.

"ஏழாவதும்தான்," என்றாள், ஊருக்கே கேட்கும்படி.

டில்லிபாபு கிருஷ்ணப்பனின் காதருகே குனிந்தார். "ப்ரொபசர் சார், இன்னா பண்றது, பிரிஞ்சி போட்டுடலாமா?" போட்டார்கள். நகரம் மூழ்கிய துக்கத்தில் யாரும் சாப்பிடாமல் போகவில்லை.

அந்த வாரம் செங்கொடி நன்றாகத் தூங்கினாள். நாலு பேர் எடுத்த வீடியோக்களில் இரண்டு நன்றாக ஓடின. யார்டில் மதியம் நிழலில் உட்கார்ந்து, மீன் குறி தெரியும் இடத்தில் கிருஷ்ணப்பன் கண்ணாடியைக் கழற்றும் அந்த நாலு விநாடியை அவள் திரும்பத் திரும்பப் பார்த்தாள். பேரவை கலைந்து, நாற்காலிகள் ஒரு வளைகாப்புக்குப் போனதாகக் கேள்விப்பட்டாள். அப்பா சங்கத்தில் நாலு பேரைக் கூட்டி அந்த வீடியோவைப் போட்டுக்காட்டி, "பாத்தியா, தனியா நின்னு ஜெயிச்சிட்ச்சி எம்பொண்ணு," என்றாராம். பெட்டிகளைத் துடைக்கும்போது கை லேசாக இருந்தது. ஏழாவது கல்லுக்கு அவள் மனதுக்குள் தலைப்புக்கூட வைத்துவிட்டாள்.

கற்கள் வியாழக்கிழமை அதே மினிவேனில், மேளமில்லாமல் நெட்டுக்குப்பம் திரும்பின. அடுத்த ஞாயிறு காலை அவள் போனபோது, கரையில் கவிழ்த்திருந்த படகின் மேல், பேன்ட்டை முழங்கால்வரை மடித்துவிட்டுக்கொண்டு கிருஷ்ணப்பன் உட்கார்ந்திருந்தார். கோட்டு இல்லை. கோட்டில்லாமல் அவர் பஸ்ஸில் நமக்கு இடம்விடாத யாரோ ஒருவரைப்போல இருந்தார்.

"வந்துகினு ஒரு மணி நேரம் ஆவுது இந்தாளு," என்றாள் கன்னியம்மா. "நீ வந்தாதான் பேசுவேன்னு குந்திகினு கீறாரு. கட்டுன கல்லுல ஒண்ணு வோணுமாம். ஏழாவதாம். நான் இன்னா நம்பரு போட்டா கட்டிகினு கீறேன்?"

"கறுப்புக் கல்லுக்கா. துளைத்துளையா இருக்கும்," என்றாள் செங்கொடி. கிருஷ்ணப்பன் தலையசைத்தார். முதன்முதலாக இருவரும் ஒரே கருத்தில் இருந்தார்கள்.

கன்னியம்மா இருவரையும் ஏற்றிக்கொண்டு, கழியை ஊன்றிப் படகைத் தள்ளினாள். எதிர்க்கரையில் அனல்மின் நிலையக் குழாய்கள். மிதவைகள் வரிசையாக ஆடிக்கொண்டிருந்தன. கிருஷ்ணப்பன் மேடைக் குரலில் ஆரம்பித்தார். "செங்கொடி, அறிவு என்பது தனியொருவர் உடைமை அல்ல. காலத்தின் தேவை கருதி நாம் இருவரும் இணைந்து..." படகு ஒரு பக்கம் சாய்ந்தது. "அய்யய்யே, இன்னாம்மா இது, இப்டி ஆடுது! புடிச்சுக்க புடிச்சுக்க!" என்று விளிம்பைக் கட்டிக்கொண்டார். கன்னியம்மா திரும்பிப் பார்த்தாள்.

"வாத்தியாரு நம்ம ஏரியாவா? எந்தப் பக்கம்?"

"காசிமேடு," என்றார் கிருஷ்ணப்பன் மெதுவாக. அதற்குப் பிறகு அவர் செந்தமிழுக்குத் திரும்பவில்லை. "இத பாரும்மா. நான் செஞ்சது தப்பு. ஒத்துக்கறேன். இதுக்கு மட்டும் ரெண்டு பேரும் சேந்து போட்டுக்கலாம். கல்லு நெசம்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

"யார் பேரு முதல்ல?"

அவர் செல்போனை நீட்டினார். தென்னிந்திய அளவில் நடக்கும் ஒரு கருத்தரங்கின் செயலாளருக்குக் கடிதம். எண்ணூரில் எரிமலைக் கல் திருகை: கடல்வழித் தொடர்புக்கு முதல் பொருட்சான்று. கண்டறிந்து ஆய்ந்தவர்கள், செங்கொடி, கிருஷ்ணப்பன். காலை ஆறு நாற்பதுக்கு அனுப்பியிருந்தார். படித்ததற்கான அடையாளமும், 'மிக மகிழ்ச்சி, தொடக்க அமர்விலேயே வைத்துக்கொள்கிறோம்' என்ற பதிலும் வந்திருந்தன. செங்கொடி அதை இரண்டு முறை படித்தாள். அவரை என்னென்ன கேட்க வேண்டும் என்று வைத்திருந்த பட்டியல் முழுக்க எங்கோ போய்விட்டது. தன் பெயர் எவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று மட்டும் தோன்றியது, நன்றாகத்தான் இருந்தது. செல்போனைத் திருப்பிக் கொடுக்கும்போது அவர் முகத்தைப் பார்த்தாள். இன்னும் கொஞ்ச நேரம் இந்த ஆளைத் தவிக்கவிடலாமா என்று யோசித்தாள். பிறகு, "சரி சார்," என்றாள்.

கன்னியம்மா ஒரு மிதவையைப் பிடித்துக் கயிற்றை இழுத்தாள். கருங்கல். விட்டுவிட்டாள். அடுத்ததும் கருங்கல். நான்காவது மிதவையில் சேறு வடிய அது மேலே வந்தது. இருவரும் ஒரே நேரத்தில் கை நீட்டியதில் படகு மறுபடி ஆடியது. கிருஷ்ணப்பன் கையை எடுத்துக்கொண்டார். செங்கொடி வாங்கி மடியில் வைத்தாள். எதிர்பார்த்ததைவிடக் கனம் குறைவாக இருந்தது.

"இத்தயா?" என்றாள் கன்னியம்மா. "அய்யே, இத்துக்கா ரெண்டு பேரும் காலங்காத்தால வந்தீங்கோ? இது கல்லே இல்ல பொண்ணே. ஊர்ல அல்லாரும் மிக்ஸி வாங்கி முட்ச்சிட்டாங்கோ, பயய கல்லு கெடைக்கல. எங்க வூட்டுக்காரு கரண்டு கம்பெனில கொட்ற சாம்பக்கட்டிய சிமிட்டியோட கலந்து, நான் துணி அலசற பேசின்ல ஊத்துனாரு. நடுவுலயும் ஓரத்துலயும் பைப்புத் துண்டு வெச்சாரு, ஓட்டைக்கு. முய்சா நல்லாதான் இருந்துச்சி, பொக்லைன்காரன் ரெண்டாக்கிட்டான். பேசினும் பூட்ச்சி. ஒரு வாரம் அந்தாளாண்ட நான் பேசல."

செங்கொடி கல்லைப் புரட்டினாள். தண்ணீரை அள்ளித் தேய்த்தாள். அடியில், ஒன்றுக்குள் ஒன்றாக, பிளாஸ்டிக் பேசினின் வட்ட வரிகள் துல்லியமாகப் பதிந்திருந்தன. குழிக்குள் விரலை விட்டபோது குழாயின் வழவழப்பு தட்டியது.

கிருஷ்ணப்பனின் செல்போன் அடித்தது. திரையில் கருத்தரங்குச் செயலாளரின் பெயர். அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தார். அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. கன்னியம்மா கழியை ஊன்றியபடி யாராவது எடுப்பார்களா என்று இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள்.

கடிதத்தில் முதல் பெயர் செங்கொடியுடையது.